ரகசியக் காகிதமும் தலைப்புச் செய்தியும்



"ரகசிய ஆவணம் கசிந்தது" என்று ஒரு தலைப்பு வந்துவிட்டால் போதும். டீக்கடையில் ஓசிப் பேப்பர் படிக்கிறவர்கூடக் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் மடித்து வைப்பார். கிளாஸை மேஜையில் வைத்துவிட்டு, "பெரிய இடத்து விவகாரம் தம்பி" என்று ஒரு தீர்ப்பும் சொல்லிவிடுவார். நாமும் அவருக்குச் சளைத்தவர்கள் இல்லை. இந்த மாதிரிச் செய்தியை எப்படிப் படிப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

இதைச் சட்டக் கல்லூரிக்காரர்கள் அல்லவா எழுத வேண்டும், டிப்ளமோ மாணவனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காகிதம், ட்ராயிங், ஸ்டாம்ப், ரிஜிஸ்டர், ரிவிஷன் நம்பர் எல்லாம் நம் தொழில். ஒரு காகிதம் ரகசியமா இல்லையா, அது காணாமல் போனதா இல்லையா என்று பார்க்கிற கண் முதலாண்டு எஞ்சினியரிங் ட்ராயிங் வகுப்பிலேயே நமக்கு வந்துவிட வேண்டும்.

இதற்காக நான் எடுத்துக்கொண்டது 1994ஆம் ஆண்டு இஸ்ரோ உளவு வழக்கு. கேரளத்து வழக்குதான், ஆனால் நமக்குத் தூரத்து விஷயம் இல்லை. கும்மிடிப்பூண்டியிலிருந்து வடக்கே போனால் ஆரம்பாக்கம், தடா, சூலூர்பேட்டை. அங்கிருந்து கிழக்கே திரும்பினால் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடுகிற நாளில் நம் பக்கத்து ஜனங்கள் மொட்டை மாடி ஏறிவிடுவார்கள். பழவேற்காட்டுக்காரர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். மேலே போகிறதே, அந்த ராக்கெட்டுக்குள் இருக்கிற ஒரு இன்ஜினோடு சம்பந்தப்பட்டவர்தான் இந்தக் கதையின் நாயகர்.

நடந்தது

1994 அக்டோபர் 15. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் இரண்டாவது பயணம். முதல் தடவை தோல்வி. இந்தத் தடவை வெற்றி. அதன் இரண்டாம் கட்டத்தில் எரிந்தது 'விகாஸ்' என்ற திரவ எரிபொருள் இன்ஜின். விக்ரம் சாராபாயின் நினைவாக வைத்த பெயர். அதை இந்தியாவில் உருவாக்கிய குழுவை முன்னின்று நடத்தியவர் நம்பி நாராயணன். நாகர்கோவில்காரர், நம் தமிழர். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தவர்.

சரியாக ஐந்தாவது நாள், அக்டோபர் 20. திருவனந்தபுரம் போலீஸ் மாலத்தீவைச் சேர்ந்த ஒரு பெண்ணைக் கைது செய்தது. விசா காலம் முடிந்தும் தங்கியிருந்தார் என்பது குற்றச்சாட்டு. அவ்வளவுதான். இந்தச் சின்ன விஷயம் சில வாரங்களில் பாகிஸ்தானுக்கு ராக்கெட் ரகசியம் விற்ற சதியாக வளர்ந்தது. நவம்பரில் இன்னொரு மாலத்தீவுப் பெண், இஸ்ரோ விஞ்ஞானி சசிகுமாரன், ரஷ்ய நிறுவனத்தின் இந்தியப் பிரதிநிதியாக இருந்த சந்திரசேகர் என்று வரிசையாகக் கைது. நவம்பர் 30ஆம் தேதி நம்பி நாராயணனும் கைது. அப்போது அவர் கிரையோஜெனிக் திட்டத்தின் பொறுப்பாளர். (அந்த இரண்டு பெண்களின் பெயரையும் அன்றைய பத்திரிகைகள் வேண்டிய மட்டும் போட்டுவிட்டன. நான் போடவில்லை.)

டிசம்பர் தொடக்கத்திலேயே வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போனது. நம்பி நாராயணன் 50 நாட்கள் சிறையில் இருந்தார். 1996இல் சி.பி.ஐ. எர்ணாகுளம் நீதிமன்றத்தில் அறிக்கை கொடுத்தது: குற்றச்சாட்டுகள் பொய், உளவு எதுவும் நடக்கவில்லை. நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. கேரள அரசு விடவில்லை, மறு விசாரணை என்றது. 1998 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதையும் ரத்து செய்தது.

இடையில் அரசியலும் புகுந்தது. வழக்கு எழுப்பிய புழுதியில் 1995 மார்ச்சில் முதலமைச்சர் கருணாகரன் பதவி விலகினார். அவருடைய கட்சிக்குள்ளேயே அவருக்கு எதிரான கோஷ்டிக்கு இந்த வழக்கு நல்ல ஆயுதமாக இருந்தது. அது தனிக் கதை, விட்டுவிடுவோம்.

எந்தக் காகிதம்?

அந்த நாட்களில் பல கேரளத்து நாளேடுகளில் தினமும் இதே பேச்சு. தமிழ்ப் பத்திரிகைகளும் பின்தங்கவில்லை. கைதான பெண்களின் தோற்றம், அவர்கள் தங்கிய ஓட்டல், யார் யாருடன் போனில் பேசினார்கள், எத்தனை டாலர் கை மாறியது என்று பத்தி பத்தியாக எழுதினார்கள். படிக்கப் படிக்க விறுவிறுப்பு, ஒரு துப்பறியும் நாவல் தோற்றுவிடும்.

ஆனால் ஒரு கேள்வி மட்டும் முதல் பக்கத்துக்கு வரவே இல்லை. விற்கப்பட்டது எந்த ட்ராயிங்?

யோசித்துப் பாருங்கள். நம் ஒர்க்‌ஷாப்பில் ஒரு ஃபைல் காணாமல் போனால் ஸ்டோர் கீப்பர் கேட்கிற முதல் கேள்வி என்ன? "எந்த ஃபைல்ப்பா, பிளாட்டா ரவுண்டா, எத்தனை இன்ச்?" என்பார். முப்பது ரூபாய் ஃபைலுக்கே இவ்வளவு விசாரணை. நாட்டின் ராக்கெட் ரகசியம் போய்விட்டது என்கிறார்கள். எந்த பார்ட், என்ன நம்பர், எத்தனை தாள், யார் பேரில் இஷ்யூ ஆனது, இப்போது இருக்கிறதா இல்லையா என்று கேட்க ஆளில்லை.

அப்படிக் கேட்டிருந்தால் என்ன தெரிந்திருக்கும்? பின்னால் சி.பி.ஐ. கேட்டபோது தெரிந்ததைச் சொல்கிறேன். அந்த நாளைய இஸ்ரோவில் ட்ராயிங்குகளை 'பரம ரகசியம்', 'ரகசியம்', 'அந்தரங்கம்' என்று தரம் பிரித்து முத்திரை குத்துகிற பழக்கமே இல்லை! அது ஆராய்ச்சி நிறுவனம். எந்த விஞ்ஞானிக்கு எந்த ஆவணம் வேண்டுமோ, ஆவணப் பிரிவில் கேட்டு வாங்கிப் படிக்கலாம். ஆக, 'ரகசிய முத்திரையிட்ட ஆவணம்' என்று நாடே பேசிய அந்தப் பொருளுக்கு முத்திரையே கிடையாது. இது சாதாரண விவரம் இல்லை, வழக்கின் அச்சாணி. 1994 நவம்பரிலேயே ஒரு நிருபர் வலியமலைக்கோ தும்பாவுக்கோ போய், "உங்கள் ட்ராயிங்கில் என்ன ஸ்டாம்ப் போடுவீர்கள்?" என்று கேட்டிருந்தால் பாதிக் கதை அங்கேயே விழுந்திருக்கும்.

அடுத்தது தொழில்நுட்பம். விற்கப்பட்டதாகச் சொன்னவற்றில் முக்கியமானது கிரையோஜெனிக் இன்ஜின் ரகசியம். திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரி செல்சியஸ், திரவ ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரி. இந்த இரண்டையும் பம்ப் செய்து எரிக்கிற இன்ஜின். இதை வாங்க இந்தியா 1991இல் ரஷ்யாவின் கிளாவ்காஸ்மாஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் போட்டது. 1992இல் அமெரிக்கா தடை விதித்தது. 1993இல் ரஷ்யா பின்வாங்கியது: இன்ஜின் தருகிறேன், செய்யும் வித்தையைத் தர மாட்டேன் என்றது. ஆக, 1994இல் நம்மிடம் நாமே செய்து பறக்கவிட்ட கிரையோஜெனிக் இன்ஜின் கிடையாது. நம் நாட்டு கிரையோஜெனிக் இன்ஜின் வெற்றிகரமாகப் பறந்தது 2014 ஜனவரி 5ஆம் தேதி, அதுவும் 2010இல் ஒரு தோல்விக்குப் பிறகு. கையில் இல்லாத சரக்கை எப்படி விற்பது? இந்தக் கணக்கைப் போட ராக்கெட் விஞ்ஞானி வேண்டாம், தேதிகளை வரிசையாக எழுதத் தெரிந்தால் போதும்.

சரி, விகாஸ் இன்ஜின் ட்ராயிங்காவது? அது நம்மிடம் இருந்ததே? இங்கேதான் நம் படிப்பு உதவுகிறது. ட்ராயிங் கிடைத்தால் ஜாப் வந்துவிடுமா? லேத்தில் நின்ற எவனுக்கும் தெரியும், வராது. மெட்டீரியல் எது, எந்த ஹீட் ட்ரீட்மென்ட், ப்ராசஸ் ஷீட் என்ன, ஜிக் ஃபிக்ஸ்சர் எப்படி, வெல்டிங்கில் எந்த வரிசை, எந்த கேஜால் பார்ப்பது? இதெல்லாம் ட்ராயிங்கில் முழுசாக இருக்காது. இருபது வருஷம் மெஷினில் நின்ற ஆபரேட்டரின் கையில் இருக்கும்.

விகாஸின் சரித்திரமே இதற்குச் சாட்சி. 1974இல் பிரெஞ்சு நிறுவனத்தோடு ஒப்பந்தம். பணத்துக்குப் பதில் நம் பொறியாளர்கள் அங்கே போய் உழைத்துக் கொடுப்பது என்ற ஏற்பாடு. நம்பி நாராயணன் தலைமையில் குழு பிரான்சின் வெர்னான் நகரத்தில் தங்கி வேலை செய்தது. ட்ராயிங் கையில், சொல்லிக்கொடுக்க ஆள் பக்கத்தில், இன்ஜின் கண்ணெதிரில். இவ்வளவும் இருந்தும் இங்கே செய்த இன்ஜின் சோதனையில் எரிந்து காட்டியது 1985இல். பதினோரு வருஷம்! முறைப்படி கொடுத்து வாங்கியதற்கே பதினோரு வருஷம் என்றால், பையில் சுருட்டிக் கொண்டுபோன காகிதத்தை வைத்து எவன் என்ன செய்துவிட முடியும்?

இதை அன்றைக்கே எழுதியிருக்க முடியும். அன்றைய பத்திரிகைகள் எல்லாமே ஒரே தாளத்துக்கு ஆடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். போலீஸ் சொன்னதைச் சந்தேகித்துத் தேடிப் போன நிருபர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவரான ராஜசேகரன் நாயர், இது ஜோடிக்கப்பட்ட வழக்கு என்று 1998இல் ஒரு புத்தகமே எழுதினார். ஆனால் தலைப்புச் செய்தியின் வேகம் புத்தகத்துக்கு ஏது?

'ஆம்' எங்கே போனது?

தமிழில் ஒரு சௌகரியம் இருக்கிறது. "வந்தான்" என்றால் நான் பார்த்தேன்; "வந்தானாம்" என்றால் யாரோ சொன்னார்கள். ஒரே ஒரு 'ஆம்'. நம் பாட்டிமார் இதைத் தப்பாமல் பயன்படுத்துவார்கள். பத்திரிகைத் தமிழில் இதன் பெரிய அண்ணன்கள்தான் "என்று கூறப்படுகிறது", "எனப் போலீஸ் வட்டாரங்கள் தெரிவித்தன" எல்லாம்.

செய்தியின் உடலில் இந்த வால்கள் ஒழுங்காகவே இருக்கும். தலைப்பில்தான் இடம் பத்தாமல் அறுந்துவிடும். "ரகசியம் விற்றதாகக் கூறப்படும் விஞ்ஞானி" என்று போட ஆறு காலம் வேண்டும். "ரகசியம் விற்ற விஞ்ஞானி" என்றால் மூன்று காலத்தில் அடங்கிவிடும். இந்த 'விற்ற' என்பது பெயரெச்சம். ஒன்பதாம் வகுப்பில் மனப்பாடம் செய்தோமே, அதே பெயரெச்சம்தான். அது ஒரு ஆளுக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டால் அப்புறம் வாதமே இல்லை. விற்றாரா இல்லையா என்ற கேள்வி முடிந்து, விற்ற பணத்தை என்ன செய்தார் என்ற கேள்விக்குப் போய்விடுகிறோம்.

இன்னொன்று, 'வட்டாரம்'. "நம்பத்தகுந்த வட்டாரங்கள்" என்று எழுதினால் யாரோ நாலு பேர் என்று நினைக்கிறோம். பல நேரம் அது ஒரே ஒரு அதிகாரி. அவர் ஒரு நிருபரிடம் சொன்னதை மற்ற மூவர் மறுநாள் தங்கள் பேப்பரில் போட்டால், நமக்கு நாலு பேர் சொன்ன மாதிரி இருக்கும். ஊற்று ஒன்றுதான், குழாய் நாலு.

இனி ஒரு தலைப்பைப் பார்த்தால் அறுந்த 'ஆம்'மை நீங்களே ஒட்டிப் படித்துப் பாருங்கள். எவ்வளவு காற்று இறங்குகிறது என்று தெரியும்.

நம் பக்கத்தில் நடந்தது

பெரிய இடத்துக் கதை மட்டும் இல்லை இது. போன வருஷம் நாங்கள் நாலு பேர் நம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு இன்பிளான்ட் டிரெயினிங் போனோம். கம்பெனி பெயர் வேண்டாம். மூன்றாம் நாள் ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது கேட்டில் செக்கிங். எங்களில் ஒருவன் பையில் மடித்து வைத்த ஒரு ட்ராயிங் ஷீட். மூலையில் சிவப்பில் 'கண்ட்ரோல்டு காப்பி' ஸ்டாம்ப். செக்யூரிட்டி அவனை உட்கார வைத்துவிட்டார். நாங்கள் வெளியே நின்றோம்.

அரை மணி நேரத்துக்குள் எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி வந்துவிட்டது. முதலில் "மாட்டிக்கிட்டான்" என்று இருந்தது. அப்புறம் "ட்ராயிங் திருடிட்டான்". ராத்திரி எட்டு மணிக்கு "வேற கம்பெனிக்கு விக்கப் பாத்தானாம்". பாவம், அந்த 'ஆம்' இருந்தது. மறுநாள் காலையில் அதுவும் போய்விட்டது.

உள்ளே நடந்தது இதுதான். டிசைன் செக்‌ஷன் எஞ்சினியர் வந்தார். ஷீட்டை விரித்தார். டைட்டில் பிளாக்கில் நம்பர் பார்த்தார், ரிவிஷன் பார்த்தார், ரிஜிஸ்டரைத் திறந்தார். அது பழைய ரிவிஷன், வழக்கொழிந்தது. புது ரிவிஷன் வந்தபோது ஷாப்பிலிருந்து திரும்ப வாங்கிக் கிழித்திருக்க வேண்டும், வாங்கவில்லை. ரிப்போர்ட் எழுத ஆகும் என்று சூப்பர்வைசரே பையனிடம் கொடுத்திருக்கிறார். ரிஜிஸ்டரைத் திறந்த பிறகு இருபது நிமிஷத்தில் விஷயம் முடிந்துவிட்டது. அதற்கு முன்னால் இரண்டு மணி நேரம் அவன் கேட் ரூமில் உட்கார்ந்திருந்தான்.

குரூப்பில் போட்டதை யாரும் அழிக்கவில்லை. "தப்பா சொல்லிட்டோம்" என்று ஒரு வரியும் வரவில்லை. இன்றைக்கும் அவனுக்கு 'ட்ராயிங்' என்றுதான் பெயர். சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பான். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு அதே கம்பெனி வந்தபோது மட்டும் அவன் பெயர் கொடுக்கவில்லை.

நிஜமாகவே நடந்தால்?

எல்லா ரகசியச் செய்தியும் புரளி என்று நான் சொல்ல வரவில்லை. 1985 ஜனவரியில் டெல்லியில் வெடித்த கூமர் நாராயண் வழக்கு நிஜமான கசிவு. பிரதமர் அலுவலகம் உட்பட முக்கிய அலுவலகங்களின் கீழ்நிலை ஊழியர்கள் சொற்பப் பணத்துக்கு ஃபைல்களை வெளியே எடுத்துப் போய் ஜெராக்ஸ் எடுக்கவிட்டு, திரும்ப அலமாரியில் வைத்துவிடுவார்கள். அசல் இருந்த இடத்திலேயே இருக்கும். பிரதமரின் முதன்மைச் செயலாளர் பி.சி.அலெக்சாண்டர் மீது குற்றம் எதுவும் இல்லை. தன் அலுவலகத்து ஆட்கள் மாட்டியதால் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். பிற்பாடு 1988இல் நம் தமிழ்நாட்டுக்கே ஆளுநராக வந்தார். அந்த வழக்கில் தீர்ப்பு வர 2002 ஆகிவிட்டது. பெரிய வில்லன், வெளிநாட்டு அழகி யாரும் இல்லாத கதை. ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு பியூன், அவ்வளவுதான். நிஜமான கசிவு பெரும்பாலும் இப்படி அலுப்பான முகத்தோடுதான் இருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

அமெரிக்காவில் ஒரு வழக்கு. அதிபர் கிளிண்டனுக்குத் தேசியப் பாதுகாப்பு ஆலோசகராக இருந்த சாண்டி பெர்கர், பதவி போன பிறகு 2003இல் வாஷிங்டன் ஆவணக் காப்பகத்துக்குப் படிக்கப் போனவர், ரகசிய அறிக்கைகளை வெளியே எடுத்துப் போய்விட்டார். 2004இல் விஷயம் வெளியே வந்தபோது சாக்ஸுக்குள் திணித்துக்கொண்டு போனார் என்ற பேச்சுதான் எல்லார் வாயிலும். அதை அவர் மறுத்தார். ஆனால் வழக்கு சாக்ஸில் நிற்கவில்லை. என்ன அறிக்கை? பயங்கரவாத மிரட்டலைப் பற்றிய ஒரே அறிக்கையின் ஐந்து பிரதிகள். என்ன செய்தார்? மூன்றைக் கத்தரியால் வெட்டிப் போட்டார். அசல் போனதா? இல்லை, எல்லாம் நகல்தான். 2005இல் அவரே ஒப்புக்கொண்டார். 50,000 டாலர் அபராதம், நூறு மணி நேரச் சமூக சேவை, மூன்று வருஷத்துக்கு ரகசிய ஆவணம் பார்க்கத் தடை. தண்டனை போதுமா போதாதா என்று அங்கே இரண்டு கட்சிக்காரர்களும் அடித்துக்கொண்டார்கள். அது அவர்கள் பாடு. ஆனால் எந்தக் காகிதம், எத்தனை பிரதி, அசல் எங்கே என்ற மூன்றுக்கும் விடை இருந்தது. 1994இல் நம் நாட்டில் இந்த மூன்றுக்கும் விடை இல்லாமலே ஒருவரைத் துரோகி என்றார்கள்.

சட்டம்

இந்த வழக்குகளில் நம் நாட்டில் போடுகிற சட்டம் 1923ஆம் ஆண்டு அலுவலக ரகசியச் சட்டம். வெள்ளைக்காரன் போட்டது, இன்னும் இருக்கிறது. இதில் வேடிக்கை, ரகசியம் என்றால் என்ன என்று அந்தச் சட்டத்தில் விளக்கமே கிடையாது. ஆனால் அது சொல்கிற பொருள்களின் பட்டியலைப் பாருங்கள்: ஸ்கெட்ச், பிளான், மாடல், குறிப்பு, ஆவணம். முதல் மூன்றும் நம் பாடப்புத்தகத்திலிருந்து எடுத்த மாதிரி இருக்கிறது! 3ஆம் பிரிவு உளவு. ராணுவ விஷயம் என்றால் 14 வருஷம் வரை சிறை. 5ஆம் பிரிவு இன்னும் அகலமானது. கொடுத்தவன் மட்டும் இல்லை, வாங்கியவன், வைத்துக்கொண்டவன், ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ளாதவன் எல்லாரும் அதற்குள் வருவார்கள். 3 வருஷம் வரை.

நம்மில் எத்தனை பேர் ஆவடி டாங்க் தொழிற்சாலைக்கு அப்ரெண்டிஸாகப் போகக் காத்திருக்கிறோம்? அந்த மாதிரி இடங்கள் இந்தச் சட்டத்தில் 'தடை செய்யப்பட்ட இடம்' என்ற வகைக்குள் வருபவை. அங்கே ஒரு ஜாப்பைக் கையில் பிடித்துக்கொண்டு செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் போட்டால், பின்னணியில் தெரிகிற ட்ராயிங்குக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். செல்போனை கேட்டிலேயே வாங்கி வைக்கிறார்கள் என்று கோபப்படுகிற நண்பர்கள் 5ஆம் பிரிவை ஒருமுறை படிக்கவும்.

அதே சட்டம் எப்படிப் பாயும் என்பதற்கு டெல்லிப் பத்திரிகையாளர் இஃப்திகார் கிலானி ஒரு உதாரணம். 2002 ஜூனில் கைது. அவர் கம்ப்யூட்டரில் ராணுவ ரகசியம் இருந்தது என்றார்கள். அது ஏற்கெனவே அச்சாகி, யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய ஒரு வெளியீடு! அவர் சிறையில் இருக்கும்போதே அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று சக பத்திரிகைகளே எழுதின. கடைசியில் ராணுவத் தரப்பே அதில் ரகசியம் எதுவும் இல்லை என்று சொல்ல, 2003 ஜனவரியில் அரசு வழக்கை வாபஸ் வாங்கியது. ஏழு மாதம் திகார் ஜெயில். பத்திரிகையாளரையே பத்திரிகைகள் விட்டுவைக்கவில்லை என்றால் நாம் எம்மாத்திரம்?

மறுபக்கமும் உண்டு. 2019இல் சென்னையிலிருந்து வரும் 'தி இந்து' நாளேட்டில் என்.ராம், ரஃபேல் விமானப் பேரம் பற்றிய பாதுகாப்புத் துறை ஆவணங்களை வெளியிட்டார். மார்ச் 6ஆம் தேதி அரசின் தலைமை வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்தில், ஆவணங்கள் திருட்டுப் போய்விட்டன என்றார். இரண்டு நாள் கழித்து, தான் சொன்னது நகலைப் பற்றி என்றார். பார்த்தீர்களா, மறுபடியும் அதே கேள்வி: அசல் எங்கே? ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அரசின் ஆட்சேபத்தைத் தள்ளி, அந்த ஆவணங்களைப் பார்ப்போம் என்றது. ரகசியம் என்று முத்திரை இருப்பதாலேயே ஜனங்கள் பார்க்கக் கூடாது என்றில்லை. 2005ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 1923 சட்டத்தோடு மோதினால் தகவல் சட்டமே மேலே நிற்கும் என்று அதன் 22ஆம் பிரிவில் எழுதியிருக்கிறது.

பிறகு

நம்பி நாராயணன் வேலைக்குத் திரும்பினார். ஆனால் பழைய திட்டத்துக்கு அவர் போகவில்லை. 2001இல் ஓய்வு பெற்றார். அதே வருஷம் தேசிய மனித உரிமை ஆணையம் 10 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணம் என்றது; அதற்கும் வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு நடந்தார். 2018 செப்டம்பர் 14ஆம் தேதி உச்ச நீதிமன்றம், அவரைக் கைது செய்ததே தேவையற்றது என்று சொல்லி 50 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது. கைதான நாளிலிருந்து ஏறக்குறைய 24 வருஷம். அவரோடு கைதான சந்திரசேகர் அந்தத் தீர்ப்பு வந்த நாளில் பெங்களூர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். இரண்டு நாளில் இறந்துபோனார். தீர்ப்பு வந்தது அவருக்குத் தெரியாது.

2019இல் நம்பி நாராயணனுக்குப் பத்மபூஷண். 2022இல் மாதவன் அவர் கதையைப் படமாக எடுத்தார். 2023 ஜூலை 14ஆம் தேதி சந்திரயான்-3ஐச் சுமந்துகொண்டு போன ராக்கெட்டில் இரண்டு விகாஸ் இன்ஜின்கள் எரிந்தன. மேல் கட்டத்தில் நம் சொந்தக் கிரையோஜெனிக் இன்ஜின். நம் மொட்டை மாடிகளில் அன்றைக்குக் கூட்டம்.

வழக்கைப் புனைந்தது யார் என்று விசாரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னதன் பேரில் 2021இல் சி.பி.ஐ. முன்னாள் போலீஸ், உளவுத்துறை அதிகாரிகள் 18 பேர் மீது வழக்குப் பதிவு செய்தது. 2024இல் அவர்களில் ஐந்து பேர் மீது குற்றப்பத்திரிகை. செய்தி வந்ததும் எங்கள் விடுதியில் ஒரே ஆரவாரம், "மாட்டினானுங்க பாரு" என்று. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்த ஐந்து பேரும் குற்றம் சாட்டப்பட்டவர்கள். பொய்க் குற்றச்சாட்டை ஜோடித்ததாகக் கூறப்படுகிறது. இந்த வால் நீளமாக இருக்கிறது, மலர்க்குழு நண்பர்கள் பக்கம் போதவில்லை என்று வெட்டிவிட வேண்டாம்.